ஆட்டுக்கு ஆகாத நீலம்

மயில்துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது. மருந்தடிக்கக் கூட வருகிறவர் யாராக இருந்தாலும் நீலக்கை முதலில் சொல்வது இதைத்தான். கரைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், "வாளியில செம்பு ஏறிடும், வாளி ஓட்டையாயிடும், மருந்தும் போயிடும். மூணு நஷ்டம்" என்பார். அதற்கு மேல் விளக்க மாட்டார். விளக்கம் வேண்டுமென்றால் அவர் மனைவியிடம்தான் போக வேண்டும்.

திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிப்பது அவர் தொழில். மழைக்காலத்தில் இலைக்கு அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை ஏறும். கவனிக்காமல் விட்டால் நாலே நாளில் கொடி தீய்ந்ததுபோல் ஆகிவிடும். அதற்கு முன்னால் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து இலை இலையாகப் பூசிவிட வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே துத்தக் கட்டிகளைச் சாக்குத் துணியில் முடிந்து, பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடுவார். அடியில் போட்டால் கரையாமல் கிடக்கும். மேலே தொங்கினால் நீலம் நூல் நூலாகக் கீழே இறங்கும். பக்கத்துப் பீப்பாயில் சுண்ணாம்பு நீறும். காலையில் சுண்ணாம்பைக் கட்டையால் கலக்கிக்கொண்டே துத்தத் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுவார். கலவை வெளிர்நீலத்துக்கு வந்ததும் இடுப்புக் கத்தியை மணலில் தேய்த்துத் துடைத்து அதில் முக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுப்பார். கத்தி பளபளப்பாகவே வந்தால் சரி. முனையில் செம்பு படிந்து சிவந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இன்னும் ஒரு குவளை சுண்ணாம்பு விழும்.

இருபத்தாறு வருஷமாக இதே வேலை. நகக்கண்ணிலும் உள்ளங்கை ரேகையிலும் ஏறிய நீலம் எந்தச் சோப்புக்கும் போகவில்லை. நீலக்கை என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அடுத்த வீட்டில் இருந்த அவருடைய தம்பி சின்னவர்தான் கூட்டாளி. அண்ணன் குழாயைப் பிடித்து அடிக்க, தம்பி பின்னாலிருந்து ஓஸ் இழுப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளில் நூறு வரிசைக்கொடி முடிப்பார்கள். நாள் முழுக்க மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பார்கள். அதில் ஆறு வார்த்தை "இழு", "விடு".

அவர் பேசாத பேச்சையெல்லாம் அவர் மனைவி பேசினாள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பாள் என்பதால் தெருவில் அவளுக்கு ஏனக்கா என்று பெயர். துத்தம் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஒருநாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கட்டியை உடைந்த ஓட்டுச்சில்லில் வைத்து வெளி அடுப்பில் காய்ச்சினாள். புகையடிக்காத பக்கமாக நின்றுகொண்டு பார்த்தாள். நீலம் மெல்ல வெளுத்து, கட்டி பொரிந்து, வெள்ளைப் பொடியாயிற்று. ஆறிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பொடி சுருக்கென்று சூடாகி மறுபடியும் நீலமாகிவிட்டது. வேலை முடிந்து வந்த புருஷனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நீலம் துத்தத்துல இல்லீங்க. தண்ணியிலதான் இருக்கு."

"அப்ப நாளைக்கு வெறும் தண்ணியை எடுத்துக்கிட்டுப் போய் அடிச்சிட்டு வந்திடவா?" என்றார் நீலக்கை.

ஏனக்காவிடம் பதினோரு செம்மறிகள் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகையில் நிற்கும். மருந்தடிப்பு புருஷனுடைய தொழில் என்றால் ஆடுகள் அவளுடைய தொழில். அவர் அதில் தலையிட மாட்டார், எண்ணிக்கை கேட்டால்கூடக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்து எண்ணித்தான் சொல்லுவார். முன்பெல்லாம் வாய்க்கால் கரையில் மேய்த்து வருவாள். இரண்டு வருஷமாகக் கொடிகளுக்கு அடியில் முளைக்கும் புல்லை அறுத்து வர ஆரம்பித்திருந்தாள். வேரில் தண்ணீர் பாய்வதால் அந்தப் புல் முழங்கால் உயரம், கறுத்த பச்சையாக நிற்கும். களை போனால் போதும் என்று தோட்டக்காரர்களும் விட்டுவிடுவார்கள். தினமும் சாயங்காலம் அரிவாளை எடுத்துக்கொண்டு ஏனக்காவும் அவள் ஓரகத்தியும், அதாவது சின்னவர் மனைவியும், ஒன்றாகப் போவார்கள். ஓரகத்தியிடம் ஒரு கறவை மாடு. இவள் கட்டு ஆடுகளுக்கு, அவள் கட்டு மாட்டுக்கு. திரும்பி வரும்போது இரண்டு புல்கட்டுகள் பேசிக்கொண்டே தெருவில் நடந்து வருவதுபோல் இருக்கும். முகம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தப் போக்குவரத்து ஒரு நாளில் அறுந்தது. ஏனக்கா கொட்டகைக் கதவைச் சரியாகத் தாழ்ப்போடாமல் கடைக்குப் போன நேரத்தில் பதினோரு ஆடும் அடுத்த வீட்டுக் கீரைப்பாத்திக்குள் இறங்கிவிட்டன. ஓரகத்தி ஓடி வருவதற்குள் பாத்தியில் தண்டுகூட மிச்சமில்லை. அவள் வாயைப் பற்றித் தெருவுக்கே தெரியும். பாதி ரோட்டில் நின்று, "அத்தனையும் ஒருநாள் சுருண்டு விழப்போகுது பாரு" என்று கத்தினாள். ஏனக்கா பதிலுக்கு மாட்டைப் பற்றியும் கீரையைப் பற்றியும் கீரை போட்டவளைப் பற்றியும் சொன்னாள். அண்ணனும் தம்பியும் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். "இழு", "விடு" குறையவில்லை. பெண்கள் இரண்டு பேரும் வேறு வேறு வரிசையில் போய்ப் புல் அறுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய மழை. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. முதல் நாளே காற்றில் கொட்டகையின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போய் ஆடுகள் விடிய விடிய நனைந்தன. பிய்ந்த பக்கமாக ஒரு தெருநாய் வேறு உள்ளே புகுந்து மிரட்டியிருக்கிறது. மழை விட்ட அன்று காலையில் பெரிய ஆடு தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. தண்ணீரை மட்டும் குடித்தது. புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது மூத்திரம் பெய்தபோது ஏனக்கா குனிந்து பார்த்தாள். பால் விடாத தேநீர்போல் சிவப்பும் கறுப்புமாக இருந்தது. கண்ணிமையை விலக்கினால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. மறுநாள் மத்தியானம் அது செத்துப்போனது.

"பாம்பு தொட்டிருக்கும்" என்றார் நீலக்கை.

"கடிவாய் எங்க? வீக்கம் எங்க? பாம்பு கடிச்சா மூத்திரம் ஏன் இப்படிப் போவுது?"

"ஏதோ விஷப்பூச்சி."

"ஏதோன்னா ஏன் அது மட்டும்?"

மறுநாள் காலையில் இரண்டாவது ஆடு அதே மூலையில் அதே மாதிரி நின்றது. அதற்கு மேல் நீலக்கை பாம்பைப் பற்றிப் பேசவில்லை.

தெருவில் நாங்கள் எல்லோரும் அதைப் பார்க்கப் போனோம். யாரும் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள். ஏனக்காவும் பார்த்தாள். அடுத்த வீட்டு மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. உடம்பில் ஒரு குறையும் இல்லை, எண்ணெய் தடவினதுபோல் மினுமினுப்பு. "அதே புல்லுதான் அதுவும் திங்குது" என்றாள் ஏனக்கா. "புல்லுல கோளாறுன்னா அது ஏன் நல்லா இருக்கு?" அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

மாட்டு டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது இரண்டாவது ஆடும் முடிந்திருந்தது. சின்ன உருவம், பெரிய ரப்பர் பூட்ஸ். கொட்டகைக்குப் பின்னால் சாக்கை விரித்து ஆட்டைப் போட்டு வயிற்றைக் கீறினார். ஏனக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நீலக்கை நாலடி தள்ளி நின்றார்.

"நீங்க போய் உட்காருங்கம்மா, பார்க்க முடியாது" என்றார் டாக்டர்.

"நான் பார்க்காம யாரு பார்க்கிறது? அது என்ன, ஈரலா? ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

டாக்டர் சிறுநீரகத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நீலங்கலந்த கறுப்பு. புதுத் துப்பாக்கியின் குழாய்போல் பளபளத்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து ஏனக்காவைப் பார்த்தார்.

"என்ன தீனி போடுறீங்க?"

"புல்லு. காய்ஞ்ச சோளத்தட்டை. எப்பவாவது தவிடு. வேற ஒண்ணும் இல்லீங்க."

டாக்டர் எழுந்து கொட்டகைக்குள் போனார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், தவிட்டை மோந்தார். மூங்கில் கம்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்த செங்கல் நிறக் கட்டி ஒன்றைக் கையில் பிடித்துத் திருப்பினார். ஆடுகள் நக்கி நக்கி அதன் ஒரு பக்கம் குழிந்திருந்தது.

"இது யாரு வச்சது?"

"அவரு" என்றாள் ஏனக்கா.

"நானா? நீ வச்சேன்னுல்ல நான் நெனச்சேன்" என்றார் நீலக்கை.

"இது மாட்டுக்கு வைக்கிற தாது உப்புக் கட்டி" என்றார் டாக்டர். "இதுல செம்பு கலந்திருப்பாங்க. மாட்டுக்கு அது வேணும். செம்மறிக்கு ஆகாது. செம்மறிக்குன்னு தனியா செம்பு போடாத கட்டி வருது."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் ஏனக்காவின் காதில் ஏறவில்லை. இந்தத் தெருவில் மாடு வைத்திருப்பது ஒரே ஒரு வீடு. கட்டியைக் கயிற்றோடு அறுத்தெடுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த வீட்டு வாசலில் நின்று அதைத் தூக்கிக் காட்டினாள்.

"வெளிய வாடி! இது உன்னுதா இல்லியா? அதை மட்டும் சொல்லு!"

ஓரகத்தி மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாள். கட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று.

"என்னுதுதான்க்கா."

"சுருண்டு விழும்னு வாயால சொன்னது பத்தலியா உனக்கு? கையாலயும் செய்யணுமா?"

"அக்கா, சத்தியமா அதுக்காக வைக்கல. உன் ஆடுங்க செவுத்து மண்ணை நக்கிக்கிட்டு நின்னுச்சு. உப்புக்கு ஏங்குதுன்னு தெரிஞ்சுது. அப்படிச் சொல்லிட்டோமேன்னு எனக்கும் மனசு கேக்கல. உன்கிட்ட பேச்சில்ல, அதனால நீ கடைக்குப் போன நேரமாப் பார்த்துக் கட்டிட்டுப் போனேன். என் மாடு தினம் நக்குதே, அதுக்கு ஒண்ணும் ஆகலியே!"

"நல்லது செய்யிறவ ஏன் ஒளிஞ்சு செய்யணும்?"

ஓரகத்தி மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவர் வாசலில் நின்று அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். "அண்ணே, நாளைக்கு நான் வரல" என்றார் சின்னவர். இரண்டு பேரும் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் பையைக் கட்டி வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் காத்திருந்தார். ஈரலில் ஒரு துண்டை டப்பாவில் போட்டிருந்தார். சோதனைக் கூடத்துக்கு அனுப்பி முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்.

"அந்தக் கட்டி எத்தனை நாளா தொங்குது?" என்று கேட்டார்.

"கீரைச் சண்டைக்கு அப்புறம்தான். மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரத்துல இவ்வளவு ஏறாதும்மா. இது மாசக்கணக்கா சேர்ந்தது. மாட்டு ஈரல் வேண்டாத செம்பைப் பித்தத்தோட வெளிய தள்ளிடும். செம்மறி ஈரலுக்கு அது சரியா வராது. வந்ததையெல்லாம் பரண்ல ஏத்துற மாதிரி ஏத்தி வச்சுக்கிட்டே இருக்கும். வெளிய பார்த்தா ஆடு கொழுகொழுன்னு இருக்கும். ஒருநாள் மழையில நனையும், நாய் துரத்தும், பயந்துரும். அன்னிக்குப் பரண் மொத்தமா இடிஞ்சு ரத்தத்துல விழும். ரத்தம் உடையும். அதுதான் நீங்க பார்த்த மூத்திரம்."

"மாசக்கணக்கா செம்பு எங்கேருந்து வந்துச்சு?"

கை கழுவுவதற்காக நீலக்கை குவளையில் தண்ணீர் மொண்டு டாக்டரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் தண்ணீரை வாங்காமல் அவர் விரல்களைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

நீலக்கை சொன்னார். "புல்லு எங்க அறுக்கிறீங்க?" என்று டாக்டர் ஏனக்காவிடம் கேட்டார். பதில் வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு, முடிவு வரும்வரை அந்தப் புல்லைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

ஏனக்காவுக்கு ஒரு வாரம் பொறுக்கிற குணம் கிடையாது. அன்று சாயங்காலமே கொடிகளுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் புல் அறுத்து வந்தாள். வாய்க்கால் கரையிலிருந்து இன்னொரு கட்டு. இரண்டையும் வேறு வேறு பிளாஸ்டிக் வாளியில் திணித்து வினிகர் ஊற்றி, கல்லை ஏற்றி ஊறவைத்தாள். காலையில் பிழிந்து வடிகட்டி, இரண்டு கண்ணாடித் தம்ளரில் ஊற்றினாள். இரண்டு புது ஆணிகளை மணலில் தேய்த்து ஒன்றொன்றாகப் போட்டாள். பிறகு சமைக்கப் போகாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றாத வீட்டுக்குள் நீலக்கை இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ரொட்டியையும் வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மத்தியானம் ஆணிகளை எடுத்தாள். வாய்க்கால் புல்லில் கிடந்த ஆணி சாம்பல் நிறமாகியிருந்தது, அவ்வளவுதான். தோட்டத்துப் புல்லில் கிடந்த ஆணியைத் துணியால் ஒற்றி வெயிலில் காட்டினாள். தலையிலிருந்து முனைவரை மெல்லிய சிவப்பு படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். நகத்தோடு செம்பு வந்தது.

அதைப் புருஷனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பீப்பாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆணியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகக் கத்தியில் பார்த்த நிறம்.

"இலைக்கு அடிக்கிறது கீழயும் சொட்டும்ல" என்றார்.

"ஆமா."

"மழை பேஞ்சா இலையில உள்ளதும் இறங்கும்."

"ஆமாங்க."

அவர் பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசினார். அவ்வளவு நீளமாகப் பேசி ஏனக்கா கேட்டதில்லை.

"இதைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிருந்தேன். கண்ணுல பட்டா கண்ணு போயிடும், அதுக்குத்தான் கண்ணாடி போட்டுக்கிறேன். வாயில போனா குடலைப் புரட்டி எடுத்துடும், ஒருதரம் ஓஸ் அடைச்சுதுன்னு வாயால ஊதிட்டு ரெண்டு நாள் வாந்தி எடுத்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாய்க்கால்ல பீப்பாயைக் கழுவினேன். கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தா குஞ்சு மீனெல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. அன்னிலேருந்து வாய்க்கால் பக்கமே கொண்டு போறதில்ல. பாசி சாகும், நத்தை சாகும், பூஞ்சை சாகும். எல்லாம் தெரியும். வீட்டுல இருக்கிற ஆடு மட்டும் தெரியல. நான் இனிமே போகல. அந்த வேலை வேணாம்."

"நீங்க போகலேன்னா பூஞ்சை ஏறி கொடி பூரா போயிடும். அதை நம்பி எத்தனை வீடு இருக்கு? நீங்க இலைக்குத்தான் அடிச்சீங்க. ஆட்டு வாயில அடிக்கல. அரிவாளை எடுத்துக்கிட்டுப் போனது நானு. கொழுத்த புல்லுன்னு பார்த்துப் பார்த்து அறுத்துப் போட்டது நானு. ஊர்ல உள்ள எல்லாத்தையும் ஏன் ஏன்னு கேக்கிறேன். அந்த எடத்துல மட்டும் புல்லு ஏன் நீலம் பூத்தாப்புல இருக்குன்னு ஒருநாளும் கேக்கல. அவளைப் போய் நடுரோட்டுல நிக்க வச்சுட்டேனே."

நீலக்கை ஆணியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "மிச்சம் ஒம்பது இருக்கு" என்றார். "அதைப் பாரு முதல்ல."

ஏனக்கா அந்த ஆணியைத் துணியில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் ஆணியைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றார். மாலிப்டினம் என்று ஒரு உப்பு இருக்கிறதாம். அதை வேறொரு உப்போடு சேர்த்து, அளந்து, தினம் ஒருவேளை தண்ணீரில் கலந்து ஊற்றினால் அது செம்பைப் பிடித்து மெல்ல மெல்ல வெளியே தள்ளுமாம். ஆறு வாரம் விடாமல் ஊற்ற வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்காது. காலிஃபிளவர் செடியின் இலை சரியாக விரியாமல் தோல்வார்போல் ஒடுங்கிப் போனால் அதற்குப் போடுகிற சத்து இதுதான், விதைக்கடையில் இருக்கும் என்றார். ஒரு ஆட்டுக்கு எவ்வளவு என்பதைத் தன் சின்னத் தராசில் நிறுத்து மடித்துத் தருவதாகவும், ஒரு துளி கூடினாலும் அது வேறு கெடுதல் செய்யும் என்றும் எச்சரித்தார்.

விதைக்கடைக்காரர் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார். "எவ்வளவு எடத்துல காலிஃபிளவர் போட்டிருக்கீங்கம்மா?"

"ஒம்பது ஆட்டுல" என்றாள் ஏனக்கா.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னொரு சிக்கல் இருந்தது. முரண்டு பிடிக்கும் ஆட்டின் வாயைத் திறந்து பிடிக்க ஒரு ஆள், புரையேறாமல் ஊற்ற ஒரு ஆள் வேண்டும். நீலக்கை பிடித்தால் ஆடுகள் மிரண்டன. அவர்மேல் அடித்த மருந்து வாடையோ என்னவோ, அவர் கொட்டகைக்குள் நுழைந்தாலே ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இந்த ஆடுகள் நின்று கொடுக்கிற இன்னொரு கை எந்தக் கை என்று ஏனக்காவுக்குத் தெரியும். அவளும் ஓரகத்தியும் சேர்ந்துதான் போன கோடையில் அத்தனைக்கும் ரோமம் கத்தரித்தார்கள்.

அடுத்த வீட்டுச் சமையலறைப் பக்கமாகப் போனாள். ஓரகத்தி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று தெரிந்தும் திரும்பவில்லை.

"உன் கட்டியால இல்லடி" என்றாள் ஏனக்கா. "புல்லு. நான் அறுத்துப் போட்ட புல்லு. ரெண்டு வருசமா."

தேய்க்கும் சத்தம் நின்றது.

"நான் பேசினது தப்பு. தெருவுல வச்சுப் பேசினது ரொம்பத் தப்பு. வேணும்னா நாளைக்கு அதே தெருவுல நின்னு தப்புன்னு சொல்றேன்."

"நீ தெருவுல நின்னு ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் ஓரகத்தி. இன்னும் திரும்பவில்லை. "ஏற்கனவே உன் தொண்டை மூணு தெருவுக்குக் கேக்கும்." தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, "என் கட்டியும் கொஞ்சம் சேர்ந்துதானே இருக்கும்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் சேர்ந்திருக்கும்" என்றாள் ஏனக்கா. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

ஓரகத்தி முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவினாள். "என் மாடு அதே புல்லுதானே திங்குது. அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

ஏனக்கா தரையில் உட்கார்ந்து ஈரலைப் பற்றியும் பித்தத்தைப் பற்றியும் பரணைப் பற்றியும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடி இடித்துக்கொண்டார்கள். ஓரகத்திக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மாட்டுக்கும் இனி அந்தப் புல் வேண்டாம், எதற்கு வம்பு என்று அங்கேயே முடிவாயிற்று.

மறுநாள் காலையிலிருந்து ஆறு வாரம். ஓரகத்தி ஆட்டைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி, தாடையைப் பிடித்து உயர்த்துவாள். ஏனக்கா வாயோரமாகக் குப்பியை நுழைத்து மெதுவாகச் சாய்ப்பாள். ஒன்றுக்கு ஊற்றியதும் நெற்றியில் சுண்ணாம்புப் பொட்டு ஒன்று வைத்துவிட்டு அடுத்ததைப் பிடிப்பார்கள், இரண்டு தடவை ஊற்றிவிடக் கூடாதே. முதல் வாரத்தில் ஒரு ஆடு போயிற்று. சோதனைக் கூடத்திலிருந்து கடிதம் வந்த அன்று இன்னொன்று. கடிதத்தில் இருந்த எண்ணைப் படித்துக் காட்டிய டாக்டர், ஈரலில் இருக்க வேண்டியதைப்போல் ஐந்து மடங்கு என்றார். அன்று இரண்டு பெண்களும் கொட்டகையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் எழுந்து மிச்சமிருந்த ஏழுக்கும் ஊற்றினார்கள்.

சின்னவர் யாரும் கூப்பிடாமலே ஒருநாள் காலையில் வந்து ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணனும் தம்பியும் போகிற தோட்டத்திலெல்லாம் அடித்து முடித்ததும் வரப்பில் ஒரு பலகை நட்டு வைத்தார்கள். 'மருந்து அடித்த புல். செம்மறிக்கு ஆகாது' என்று அதில் நீலக்கையின் கோணல் எழுத்து இருக்கும். புல் அறுக்க வருகிற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஏனக்காவிடம் கேட்டுவிட்டுச் சிரிப்பதை விட்டார்கள்.

ஆறாவது வாரக் கடைசியில் டாக்டர் ஏழு ஆட்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துத் தேறிவிட்டன என்று சொன்னார். அதில் ஒன்று சினை. மெலிந்து எலும்பாக இருந்த அது ஒரே ஒரு பெண் குட்டியை ஈன்றது. குட்டி எழுந்து நின்று மடியை முட்டியது. மடியில் பால் இல்லை.

அன்று முதல் ஓரகத்தி தன் மாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு புட்டியில் ஊற்றிக்கொண்டு காலையிலும் சாயங்காலமும் வந்தாள். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, புட்டியைச் சாய்த்துப் பிடித்து, ஊர்க்கதையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். மூன்றாவது வாரத்தில் அவள் வருவதற்கு முன்பே அது தெருவுக்கு ஓடிவந்து நிற்க ஆரம்பித்தது.

"என் ஆட்டுக்குட்டியைக் கெடுத்து வச்சிருக்கே நீ" என்றாள் ஏனக்கா.

"உன் ஆடு வயித்துல சுமந்துச்சு, என் மாடு பால் குடுத்துச்சு. யாரு குட்டின்னு அதையே கேட்டுப் பாரு."

மழை விட்டு வெயில் தெளிந்த பிறகு ஆடுகளை மறுபடியும் வாய்க்கால் கரைக்கு ஓட்டினார்கள். மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தெருவழியே திரும்பும். ஏழு பெரிய ஆடுகளும் ஏனக்காவின் கதவுக்குள் திரும்பும். குட்டி மட்டும் திரும்பாமல் நேரே நடந்து, அடுத்த வீட்டுப் படியேறி, மாட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் ஏனக்கா போய்த் தூக்கி வந்தாள். மூன்றாம் நாள் கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏழு ஆடுகளை மட்டும் எண்ணித் தாழ்ப்போட்டாள்.